இடது ஜன்னல் இயல்: கிழக்குக் கடற்கரைச் சாலையை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

1. நுவல்பொருள்

பெரும்பாக்கத்திலிருந்து தனுஷ்கோடிக்குக் காரில் போகும் குடும்பத்தார் கடல் பார்க்கப் போகிறார்கள் என்பது உலக வழக்கு. அது மேலோட்டமான பார்வை. அவர்கள் ஜன்னல் சீட்டுக்குப் போகிறார்கள்; கடல் அதற்கு ஒரு சாக்கு. இதை நிறுவுவதே இவ்வாராய்ச்சியின் நோக்கம்.

இத்துறையில் முன்னோடி தொல்காப்பியர். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று அவர் அன்றே கண்டார். பின்வந்த உரையாசிரியர்கள் அதைத் தலைவனைப் பிரிந்த தலைவியின் இரங்கல் என்று சுருக்கிவிட்டனர். அவர்கள் யாரும் பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்து நாகப்பட்டினம் வரை போனவர்கள் அல்லர்.

2. களமும் கருவியும்

கருவி: ஐந்து பேர் உட்காரும் சிறிய கார் ஒன்று. முன்சீட்டில் இடப்புறம் ஆய்வாளரின் அம்மா (முழங்கால் வலியால் நிரந்தர உரிமை பெற்றவர்). பின்னால் இடது ஜன்னலில் மகன், வயது பதினான்கு. நடுவில் மகள், வயது ஒன்பது. வலது ஜன்னலில் மனைவி. ஓட்டுநர், இவ்வாய்வாளர்.

களம்: ஏறத்தாழ 600 கிலோமீட்டர். சோழிங்கநல்லூர் சிக்னல், பக்கிங்காம் கால்வாய்ப் பாலம், அக்கரை, அங்கிருந்து வலப்பக்கம் திரும்பினால் தெற்கு. கரடுமுரடான கடற்கரை எங்கே என்று கேட்பார்க்கு விடை: மாமல்லபுரத்தை விட்டுவிட்டால் சோழமண்டலக் கரை பெரும்பாலும் மணல்தான். இப்பயணத்தின் கரடுமுரடான பகுதி எங்கள் தெருமுனையிலிருந்து பெரிய ரோடு வரையிலான முதல் அரை கிலோமீட்டர்.

காலம்: "நாலு மணிக்கெல்லாம் கிளம்பிடணும்" என்பது அறிவிப்பு. புளியோதரை கட்டி, தயிர்சாதத்துக்கு மாவடு தேடி, கேஸ் மூடியாயிற்றா என்று ஒருமுறை மாடியேறி, அதை நம்பாமல் மறுமுறையும் ஏறி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியபோது ஆறு இருபது. இவ்விடைவெளி எல்லாக் குடும்பங்களுக்கும் பொது என்பதால் இங்கு விரிக்கவில்லை.

3. அடிப்படைத் தேற்றம்

தெற்கே போகிறவனுக்குக் கிழக்கு இடக்கை. ஆகவே கடல் இடப்பக்கம். நம் நாட்டில் ஓட்டுநர் அமர்வது வலப்பக்கம். ஆகவே கடலுக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் எப்போதும் ஒருவர் இருப்பார். அவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஆய்வாளரின் அம்மா முட்டுக்காடு வருமுன் கண்ணயர்ந்து வேளாங்கண்ணியில் "மாதாவே" என்று விழித்தார்.

ஓட்டுநருக்கென்று வலப்பக்கத்தில் இயற்கை வழங்கியிருப்பது சுங்கச்சாவடி.

4. அளவை இயல்

ஒரு பொருள் உண்டென்று அறிய காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளைச் சைவ சித்தாந்திகள் கொள்வர். காருக்குள் இவை சீட்டுவாரியாகப் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கின்றன.

மகனுடையது காட்சியளவை. அவன் கண்ணால் காண்கிறான். ஆனால் சாலையின் பெயரில் உள்ள கடற்கரை சாலையில் அவ்வளவாக இல்லை என்பதையும் அவனே முதலில் கண்டான். ரிசார்ட் மதில், சவுக்குத் தோப்பு, மனை விற்பனைப் பலகை, மறுபடி சவுக்குத் தோப்பு. இடையில் ஒரு முகத்துவாரம் வந்தால் நீலமாக ஒரு கீற்று.

மனைவியுடையது கருதலளவை. புகை உள்ள இடத்தில் நெருப்பு என்பது போல, மரக்காணத்தில் உப்பளத்தைக் கண்டு, "உப்பு இருக்கே, கடல் இல்லாமலா இருக்கும்?" என்றார். கடலூர் தாண்டி எங்கோ கருவாட்டு வாசனையை வைத்து மீண்டும் நிறுவினார்.

ஓட்டுநருக்கு எஞ்சியது உரையளவை. "ப்பா, கடல்!" என்று பின்னாலிருந்து குரல் வரும். திரும்புவதற்குள் சவுக்குத் தோப்பு. இவ்வாய்வாளரின் கடலறிவு முழுவதும் ஆப்த வாக்கியம்.

நடுவில் இருந்தவளுக்கு எவ்வளவையும் இல்லை. அவளுக்கு உரிப்பொருள் மட்டுமே இருந்தது.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இல் கோட்டை கட்டி, 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை 225 ஆண்டுகள் கடலைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு கோட்டைக்கு அத்தனை ஜன்னல் தேவைப்பட்ட காரணம் மகளுக்கு அங்கேதான் விளங்கியது.

5. கோடியக்கரை ஒப்பந்தம்

வேளாங்கண்ணிக்குப் பின் மகள் வழக்குத் தொடுத்தாள். மகன் புவியியலைத் துணைக்கழைத்தான்: "கோடியக்கரையில கரை மேற்கால திரும்பிடும். கடல் ரைட் சைடுக்கு வந்துடும். அப்ப அம்மா ஜன்னல் உனக்கு."

கரை திரும்புவது உண்மை. கோடியக்கரை முனையில் சோழமண்டலக் கரை முடிந்து, கரைக்கோடு மேற்கே மடிகிறது. ஆனால் சாலையும் கூடவே மடிகிறது. மேற்கே போகிறவனுக்குத் தெற்கு இடக்கை; பாக் நீரிணை அந்தத் தெற்கில்தான் இருக்கிறது. கரையைத் தொட்டுக்கொண்டே போகிறவனுக்குக் கடல் கட்சி மாறுவதில்லை.

இந்தத் தேற்றம் அறியாத மகள் வேதாரண்யத்தில் அம்மாவை நடுவுக்குத் தள்ளி வலது ஜன்னலில் அமர்ந்தாள். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மணமேல்குடி, தொண்டி. வலப்பக்கம் வயல் வந்தது, கண்மாய் வந்தது, இராமநாதபுரம் நெருங்க நெருங்கச் சீமைக் கருவேலம் வந்தது. கடல் வரவில்லை. "அண்ணன் ஏமாத்திட்டான்" என்று மீண்டும் நடுவே வந்து அம்மா மடியில் முகம் புதைத்தாள். பொழுது எற்பாடு. நெய்தலின் சிறுபொழுதும் உரிப்பொருளும் ஒரே சீட்டில் கூடிய அரிய நிகழ்வு இது.

6. பாம்பன் மறுப்பு

எந்தத் தேற்றத்துக்கும் புறனடை உண்டு. இதற்குப் பாம்பன்.

மண்டபத்தில் நிலம் விரல்போல ஒடுங்குகிறது. 1988-இல் திறந்த சாலைப் பாலத்தில் ஏறியதும் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. பக்கத்திலே 1914-இன் பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த, நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும் புதிய பாலமும். இரு ஜன்னலிலும் கடல். முன்கண்ணாடியிலும் கடல். மகள் தலை நிமிர்த்தினாள். காரிலேயே இரண்டு பக்கத்தையும் ஒருசேரப் பார்க்க முடிந்தவள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் காலை இராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு. 1964 டிசம்பர் 22 இரவில் அடித்த புயலும் எழுந்த கடலும் தனுஷ்கோடி ஊரையும், பாம்பனிலிருந்து அங்கே வந்துகொண்டிருந்த ரயிலையும் கொண்டுபோயின. கூரையற்ற தேவாலயச் சுவர் இன்னும் நிற்கிறது. அந்த இடத்தில் காரில் யாரும் சீட்டுப் பற்றிப் பேசவில்லை. ஆராய்ச்சியும் பேசாமல் கடந்தது.

முனை வரை தார்ச்சாலை வந்தது 2017-இல். இடப்பக்கம் பெண் கடல், வலப்பக்கம் ஆண் கடல் என்பர் அவ்வூரார். ஒன்று சாதுவாகக் கிடக்கும், மற்றது இரைந்துகொண்டே இருக்கும். நேர்ச்சாலை, இருமருங்கும் நீர். திரும்பும்போது மகன் சொன்னான்: "நான் நடுவுல உட்கார்றேன்." மனைவியும் அதே நேரத்தில் அதையே சொன்னார். அம்மா, வாழ்நாளில் முதல்முறையாக, முன்சீட்டை விட்டுத்தர முன்வந்தார். மகள் நகரவில்லை.

ஓட்டுநர் என்ன கண்டார் எனில்: எதிரே வந்த வேன்களை. இறங்கி நின்று பார்த்தது கணக்கில் வராதா எனின், வராது. இவ்வாராய்ச்சி ஜன்னல் வழிக் காட்சிக்கு உட்பட்டது.

7. முடிவு

வீடு திரும்புகையில் தேற்றம் தலைகீழாகும். வடக்கே போகிறவனுக்குக் கடல் வலக்கை. ஓட்டுநருக்கும் கடலுக்கும் நடுவில் யாரும் இல்லை. 600 கிலோமீட்டர் நிலுவை தீரும் நேரம்.

ஆனால் ஆய்வாளரின் அம்மா கோயில் பிரசாதம் வாங்கி, மகன் சங்கு பேரம் பேசி, சாப்பிட்டுக் கிளம்பியபோது மணி மூன்று. தொண்டியில் எற்பாடு. அதன்பின் இருட்டு. மகனும் மனைவியும் ஆளுக்கொரு ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினார்கள். கண்ணாடியை இறக்கினேன், ஈரமாக உப்புக்காற்று முகத்தில் அடித்தது. கருதலளவை.

விழித்திருந்தவள் நடுவில் ஒருத்தி. இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே முகத்தை நீட்டி, மற்றவர்களை எழுப்பாத குரலில் சொன்னாள்: "ப்பா, இப்ப கடல் உங்க பக்கம்பா."

திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. எதிரே லாரி வெளிச்சம்.

ஆயினும் உரையும் ஓர் அளவையே என்க.