டிரெயின் போல்ட்டை யார் எடுத்தது?

கேள்வி: சொந்தக் காரில் தானே கைவைப்பவர்கள் அதிகம் சறுக்குவது எந்த வேலையில்?

ஆயில் மாற்றுவதில்தான். என்ஜின் கழற்றும் துணிச்சல் எல்லோருக்கும் வராது. ஆயில் மாற்றும் துணிச்சல் எல்லோருக்கும் வந்துவிடும். வேலையும் ஐந்தே படிதான். அடியில் உள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றி, கறுத்த ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, போல்ட்டைத் திரும்பப் பூட்டி, மேலிருந்து புது ஆயிலை ஊற்ற வேண்டும்.

வில்லங்கம் நான்காம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் நடுவே இருக்கிறது. முதல் நான்கு படிகள் காருக்கு அடியில், ஐந்தாவது பானெட்டுக்கு மேல். ஆயில் சொட்டுச் சொட்டாக வடிய கால் மணி நேரம் ஆகும். அதற்குள் எழுந்து கைகழுவி, காபி குடித்து, ஒரு போன் பேசிவிட்டு வந்தால் மனக்கணக்கில் அடிவேலை முடிந்ததாகிவிடுகிறது. புனலை வைத்து ஊற்றத் தொடங்கியதும் தேன் நிறத்தில் புத்தம்புது ஆயில் முன்சக்கரத்தின் பக்கமாக ஊர்ந்து வந்து செருப்பைத் தொடும். ஊற்றியவர் முதலில் கேனைத் திருப்பி ஓட்டை தேடுவார். பிறகுதான் குனிந்து பார்ப்பார்.

சிறிய பெட்ரோல் கார்களுக்குச் சுமார் 3 லிட்டர் ஆயில் போதும் என்பதால் நட்டம் அந்த அளவோடு நிற்கும். என்ஜினை ஓட்டாதவரை அதற்கு ஒரு கேடும் இல்லை. தரையில் உடனே தண்ணீர் ஊற்றக் கூடாது; கறை இன்னும் பரவும். மரத்தூளையோ மணலையோ கொட்டி, அது ஊறிய பின் கூட்டி அள்ளுவதே சரி.

கேள்வி: இந்த மறதிக்கு மருந்து உண்டா?

உண்டு, மருந்துச்சீட்டு ஜப்பானிலிருந்து வந்தது. 1960களின் தொடக்கத்தில் ஷிகியோ ஷிங்கோ என்ற தொழிற்சாலைப் பொறியாளர் ஒரு மின்சுவிட்ச் தயாரிக்கும் இடத்துக்குப் போனார். சுவிட்சின் இரண்டு பொத்தான்களுக்கு அடியில் இரண்டு சிறிய ஸ்பிரிங்குகள் வைக்க வேண்டும். தொழிலாளர்கள் அவ்வப்போது ஒன்றை மறந்துவிடுவார்கள். கவனமாக இருங்கள் என்று சொல்லிச் சொல்லி மேலாளர்கள் அலுத்துப்போயிருந்தனர். ஷிங்கோ ஒரு சின்னத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். வேலை தொடங்கும் முன் இரண்டு ஸ்பிரிங்கையும் பெட்டியிலிருந்து எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும். சுவிட்ச் பூட்டி முடித்த பிறகு தட்டில் ஒரு ஸ்பிரிங் மிச்சமிருந்தால் எங்கே தவறியது என்று கண்ணே சொல்லிவிடும்.

இந்த முறைக்கு முதலில் இருந்த பெயர் பாகா-யோகே, அதாவது முட்டாளைத் தடுக்கும் ஏற்பாடு. ஒரு தொழிற்சாலையில் பெண் தொழிலாளி ஒருவர் தன்னை முட்டாளாக நினைத்துவிட்டார்களே என்று அழுததைப் பார்த்து, 1963இல் ஷிங்கோ அதைப் போகா-யோகே என்று மாற்றினார். போகா என்பது பலகை விளையாட்டில் நல்ல ஆட்டக்காரரும் அசந்து வைத்துவிடும் தப்புக் காய்நகர்த்தல். காரோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. தவறு தலையில் இல்லை, வேலை அடுக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது.

ஆயில் வேலைக்கு இதே வைத்தியம் அப்படியே பொருந்தும். கழற்றிய போல்ட்டைப் புது ஆயில் கேனின் மூடிமேல் வைத்துவிட வேண்டும். போல்ட்டைக் கையில் எடுக்காமல் கேனைத் திறக்கவே முடியாது.

கேள்வி: போல்ட் இருக்கிறது, பூட்டியும் ஆயிற்று. என்ஜினைப் போட்டதும் ஆயில் பீய்ச்சி அடிக்கிறதே?

இரட்டை ரப்பர் வளையத்தின் வேலை அது. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் ரிங் சூட்டில் என்ஜின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவதுண்டு. கறுப்பு உலோகத்தில் கறுப்பு ரிங், கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் புது ஃபில்டரும் அதன் ரிங்கும் ஏறிக்கொள்ளும். கையால் இறுக்கும்போது கச்சிதமாகவே உட்காரும். என்ஜின் ஓடி ஆயில் அழுத்தம் ஏறிய சில நொடிகளில் ரப்பர்மேல் ரப்பர் வழுக்கி, ஒரு பக்கமாகப் பிதுங்கும். போல்ட்டை மறந்தபோது என்ஜின் ஓடவில்லை, இங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. எனவே கீழே குனிந்து பார்ப்பதற்கு முன் கை சாவிக்குப் போக வேண்டும்.

தடுக்கும் வழி ஒரே பார்வைதான். கழற்றிய ஃபில்டரைத் திருப்பி அதன் முகத்தில் ரிங் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் போதும். புது ரிங்கில் விரலால் துளி ஆயில் தடவி, ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுற்றுக் கையால் இறுக்குவது பொதுவான அளவு. ஸ்பேனர் வேண்டாம்.

கேள்வி: கழற்றும் திசையே மறந்துபோகிறது. பரம்பரைக் குறையா?

பார்வைக் குறை, அதாவது பார்க்கும் இடத்தின் குறை. கடிகார முள் சுற்றும் திசையில் இறுகும், எதிர்த்திசையில் தளரும் என்பது போல்ட்டின் தலையை நேரே பார்ப்பவருக்கான கணக்கு. டிரெயின் போல்ட்டின் தலை பல கார்களில் தரையைப் பார்த்து இருக்கும். பக்கவாட்டில் படுத்துக்கொண்டோ மேலிருந்து கையை நுழைத்தோ திருகுபவருக்குத் திசை தலைகீழாகத் தெரியும். வரவில்லையே என்று இன்னும் பலத்தைப் போடுவார். போல்ட் இறுகிக்கொண்டே போகும், கடைசியில் ‘கிர்ர்’ என்று சுலபமாகச் சுற்றும். அப்போது போனது போல்ட்டின் பிடிவாதம் என்று மகிழ வேண்டாம், சம்ப்பின், அதாவது ஆயில் தொட்டியின், மரை. அலுமினிய சம்ப்பில் இரும்பு போல்ட் ஜெயிக்காமல் என்ன செய்யும்?

போல்ட் தலையில் ஒரு கடிகாரம் வரைந்திருப்பதாக நினைத்து, அதன் எதிரே தன் முகம் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு திருப்பினால் தவறாது. இறுக்கும் அளவும் பலரும் நினைப்பதைவிடக் குறைவு. பல சிறிய கார்களில் 30 முதல் 40 நியூட்டன் மீட்டர், அதாவது ஒரு சாண் நீள ஸ்பேனரின் முனையில் ஏறக்குறைய 15 கிலோவைத் தொங்கவிட்ட இழுப்பு. இரண்டு கையும் ஒரு முழங்காலும் சேர வேண்டிய வேலை இல்லை.

கடிகாரத் திசைக் கணக்குக்கும் ஒரு விதிவிலக்கு இருந்தது. 1960களின் அமெரிக்க கிறைஸ்லர் கார்களில் இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடமரை. அந்தப் பழைய வண்டிகளை வாங்கியவர்கள் இடப்பக்க ஸ்டட்டை முறித்த பிறகே அதைத் தெரிந்துகொள்வார்கள்.

கேள்வி: ஆயில் வடித்தாயிற்று, ஊற்றியாயிற்று. கார் மட்டும் ஏன் அலறுகிறது?

அநேகமாக வடிந்தது கியர்பாக்ஸ் ஆயில். அடியில் படுத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று தள்ளாமல் இரண்டு போல்ட்டுகள் தெரியும். ஒன்று என்ஜினுக்கு, மற்றது கியர்பாக்ஸுக்கு. தவறானதைக் கழற்றியவர் கியர்பாக்ஸைக் காயப்போட்டு, ஏற்கெனவே நிறைந்திருந்த என்ஜினில் இன்னொரு 3 லிட்டரை ஊற்றிவிடுகிறார். ஒருபக்கம் பற்சக்கரங்கள் உலர்ந்து தேய்கின்றன. மறுபக்கம் கிராங்க்ஷாஃப்ட் ஆயிலில் முங்கி அதை மோர் கடைவதுபோல் கடைந்து நுரையாக்குகிறது. நுரை எந்தத் தேய்மானத்தையும் தடுக்காது.

இந்தத் தவறு தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய என்ஜின் ஆயில் கறுத்திருக்கும். கியர் ஆயில் பெரும்பாலும் வெளிறி, நெடியும் வேறாக இருக்கும். அதைவிட உறுதியான சோதனை டிப்ஸ்டிக். வடித்து முடித்த பிறகு அதை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தால் முனை காய்ந்திருக்க வேண்டும். பழைய மட்டத்திலேயே ஆயில் நின்றால் தட்டில் இருப்பது வேறு ஆயில். புது கேனைத் திறக்கும் முன் இதைப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

கேள்வி: ஸ்டெப்னி மாற்றுவதில்கூடத் தவறு செய்ய இடமுண்டா?

தாராளமாக. காரைத் தூக்கிய பிறகு நட்டைத் தளர்த்தப் பார்த்தால் நட்டுக்குப் பதில் சக்கரமே சுற்றும். தரையில் நிற்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டுத்தான் ஜாக்கி. நட்டின் கூம்புப் பக்கம் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். தட்டைப் பக்கத்தை உள்ளே வைத்தால் இறுகியதுபோல் இருக்கும், இரண்டு தெரு தாண்டியதும் ஆடும். ஜாக்கியை வைக்கும் இடம் கதவுக்குக் கீழே இரண்டு வெட்டுகளுக்கு நடுவே உள்ள தடித்த விளிம்பு; நகர்த்தி வைத்தால் தகடு அப்பளமாக நொறுங்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் வேடிக்கைக்கு இடமில்லை. வண்டியோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்ற மட்டுமே. அதை நம்பி உடம்பின் எந்தப் பகுதியையும் காருக்கு அடியில் நுழைக்கக் கூடாது. அடியில் வேலை இருந்தால் ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும்.

கேள்வி: பேட்டரி கழற்றும்போது பளீரென்று வெட்டியது. எதனால்?

பாசிட்டிவ் முனையில் முதலில் கைவைத்ததால். காரின் உடம்பு முழுவதும் நெகட்டிவோடு இணைந்தது. பாசிட்டிவ் நட்டில் மாட்டிய 10ஆம் நம்பர் ஸ்பேனரின் மறுமுனை பானெட் ஓரத்தைத் தொட்டால் பேட்டரியின் முழு மின்னோட்டமும் அந்த ஸ்பேனர் வழியே பாயும். ஒரு கணத்தில் வெள்ளை ஒளி, ‘டப்’ என்ற சத்தம், ஸ்பேனரின் நுனியில் வெல்டிங் வைத்தது போன்ற ஒரு பள்ளம். மோதிரம் போட்ட விரல் நடுவில் மாட்டினால் காயம் ஆழமானது. நெகட்டிவை முதலில் கழற்றினால் அதன்பிறகு ஸ்பேனர் காரின் உடம்பில் எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது. பூட்டும்போது நெகட்டிவ் கடைசி.

2020 ஊரடங்கில் மாதக்கணக்கில் நின்ற கார்களால் ஜம்ப் கேபிளை முதன்முறையாகத் தொட்டவர்கள் ஏராளம். சிவப்பும் கறுப்பும் மாறினால் ஆல்டர்னேட்டரின் டயோடுகளும் பெரிய ஃபியூஸும் பலியாகும். கடைசிக் கறுப்பு கிளிப்பைச் செத்த பேட்டரியில் மாட்டாமல், தள்ளியிருக்கும் வெற்று உலோகத்தில் மாட்டச் சொல்வதற்கும் காரணம் உண்டு. பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கலாம்; பொறி அங்கே பறக்கக் கூடாது.

கேள்வி: பிரேக் ஆயில் குறைந்திருந்தது, ஆயில் ஊற்றினால் என்ன?

இந்தத் தவறில் பாதிப் பழி மொழிக்குச் சேரும். கடையிலும் ஒர்க்‌ஷாப்பிலும் பிரேக் ஆயில் என்றே சொல்கிறார்கள், ஆனால் பெரும்பாலான கார்களில் அது கிளைக்கால் வகைத் திரவம், ஆயில் இல்லை. பிரேக் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கனிம எண்ணெய் பட்டால் ஊறி உப்பும். என்ஜின் ஆயில் சிறிதளவு கலந்து உள்ளே இறங்கினாலும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரம் வரை சீல்களை மாற்ற வேண்டிவரும். மூடியில் டாட் 3, டாட் 4 என்று எழுதியிருப்பதைப் படித்தே ஊற்ற வேண்டும். பிரேக் பேடு தேயத் தேய மட்டம் தானாகவே கொஞ்சம் இறங்கும் என்பதால், புதுப் பேடு போடும் முன் நிரப்பினால் பிஸ்டனைத் தள்ளும்போது வழிந்து பெயின்ட்டையும் தின்றுவிடும்.

பேடு மாற்றியவர் செய்யும் இன்னொரு தவறு, பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்காமல் வண்டியை எடுப்பது. முதல் மிதி தரைவரை போகும், கார் நிற்காது. எதிரே கேட் இருக்கும்.

கேள்வி: மற்ற சில்லறைத் தவறுகள்?

கண்ணாடி கழுவும் டப்பாவில் கூலன்ட் போனால் கண்ணாடி பிசுபிசுக்கும், அவ்வளவுதான். கூலன்ட் டப்பாவில் சோப்புத் தண்ணீர் போனால் முழுதும் கழுவ வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும் நீர், மூடி தளர்ந்த கணத்தில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றுவது அடுத்ததாக வயரை எரிக்கும். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. எரிந்த நிறத்துக்கு அதே நிறம்தான். புது ஏசி ஃபில்டரைப் பிளாஸ்டிக் உறையோடு பொருத்திவிட்டு, காற்று வரவில்லை என்று கேஸ் நிரப்பப் போனவர்களும் உண்டு.

கேள்வி: தவறு நடந்துவிட்டது. மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

நடந்தபடியே, என்ஜினைப் போடும் முன்பே. ‘திடீரென்று இப்படி ஆகிவிட்டது’ என்று சொன்னால் அவர் இல்லாத பழுதைத் தேடி ஒரு நாளைச் செலவிடுவார், அந்தக் கூலியும் பில்லில் வரும். அவருக்கு வேண்டியது நான்கு விவரம்: எது எங்கே போனது, எவ்வளவு போனது, அதன்பின் என்ஜின் ஓடியதா, எவ்வளவு தூரம். பிரேக் டப்பாவில் 100 மில்லி என்ஜின் ஆயில் போனது, பெடலை யாரும் மிதிக்கவில்லை என்று சொன்னால், கனம் குறைந்த ஆயில் இன்னும் மேலேயே மிதந்துகொண்டிருப்பது அவருக்குப் புரியும். டப்பாவை உறிஞ்சிக் கழற்றிச் சுத்தம் செய்வதோடு வேலை முடிய வாய்ப்பு அதிகம். ஒரு நடை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தால் நான்கு சக்கரத்தையும் பிரிக்க வேண்டியிருக்கும்.