ஊன்றுகால் இயல்: குரங்கணிச் சரிவு வண்டிகளின் வகையும் தொகையும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க்குக் கிடைக்கும் மரியாதை மனிதருக்குக்கூடக் கிடைப்பதில்லை. சல்லடையில் சலித்து, 8 மில்லிமீட்டருக்கு மேல் ஒரு தரம், 7-க்கும் 8-க்கும் நடுவே ஒரு தரம், வெடித்தது தனி, நிறம் வெளுத்தது தனி என்று பிரித்த பிறகுதான் ஏலத்துக்குப் போகும். அதைச் சுமந்துகொண்டு குரங்கணி மலைச்சரிவில் ஏறி இறங்குகிற வண்டிகளை மட்டும் ஊரே 'பைக்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது. இந்த அநீதியைக் களையவே இந்நூல் எழுந்தது.

முன்னோர் வழி உண்டா என்று பார்த்ததில் ஏமாற்றமே. குறிஞ்சிக்குத் தெய்வம் முருகன், உணவு தினை, மரம் வேங்கை, பறவை கிளியும் மயிலும் என்று கருப்பொருளை வரிசையாக வைத்த இலக்கணக்காரர்கள் ஊர்தியை விட்டுவிட்டார்கள். மயில் இருக்கிறதே என்று சிலர் வாதிடலாம். அது ஒருவருக்கு மட்டுமே ஒதுக்கப்பட்ட வண்டி. மூட்டை ஏற்ற அனுமதி இல்லை.

எனவே அளவுகோலை வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டியதாயிற்று. 'டிரயல்ஸ்' என்று ஒரு மோட்டார் சைக்கிள் போட்டி உண்டு. அதில் வேகத்துக்கு மதிப்பெண் கிடையாது. பாறை, ஓடைப் படுகை, மரவேர், சேறு என்று கொஞ்ச தூரத்தை எல்லை கட்டிக் கொடுப்பார்கள். அதைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒருமுறை ஊன்றினால் 1, இருமுறை என்றால் 2, மூன்றும் அதற்கு மேலும் 3. விழுந்தாலோ, எல்லை தாண்டினாலோ, வண்டியை விட்டு இறங்கினாலோ 5. மொத்தம் குறைந்தவரே வென்றவர். ஸ்காட்லாந்தில் 1909-ல் தொடங்கிய ஆறு நாள் போட்டி இன்றும் நடக்கிறது. ஸ்பெயின்காரரான டோனி போ 2007 முதல் 2024 வரை ஓராண்டு விடாமல் உலகப் பட்டம் வாங்கியிருக்கிறார், அதுவும் வெளிக்களத்தில் ஒன்று, உள்ளரங்கில் ஒன்று என்று ஆண்டுக்கு இரண்டு. நம்மூரில் கால் ஊன்றாமல் நிற்பவரைச் சித்தர் என்போம்; அங்கே சாம்பியன் என்கிறார்கள்.

இதிலிருந்து பெறப்படும் சூத்திரம்: ஊன்றாதது தலை, ஊன்றியது இடை, இறங்கியது கடை.

சூத்திரத்துக்கு உதாரணம் காட்டுவது உரைகாரன் கடமை. குரங்கணிச் சரிவை ஒருமுறைகூடக் கால் ஊன்றாமல் கடந்ததாக உறுதியாகச் சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று: தேயிலைப் பெட்டி. வெள்ளைக்காரர் காலத்தில் மூணாறுத் தேயிலை மலைமேல் உள்ள டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கீழே கொட்டகுடிக்கு இறங்கியது. தரையையே தொடாததால் மதிப்பெண் பூஜ்யம். ஆனால் அதே பெட்டி டாப் ஸ்டேஷன் வந்து சேர்ந்த கதை நேர் எதிர். 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் போட்ட ஒற்றைத் தண்டவாள ரயிலில் சின்னச் சக்கரம் தண்டவாளத்திலும், சாயாமல் இருக்கப் பெரிய சக்கரம் ஒன்று பக்கத்துச் சாலையிலும் ஓடின, இழுத்தது மாடு. புறப்பட்ட இடத்திலிருந்து போய்ச் சேரும் இடம் வரை ஒரு கால் ஊன்றியபடியே போன வண்டி உலகத்தில் அதிகம் இல்லை. 1908-ல் அதைக் குறுகிய ரயில் பாதையாக மாற்றினார்கள். 1924 வெள்ளம் அதையும் கொண்டுபோனது.

இனி வண்டிகள். முதலில் சுமை வகை. இதன் மூதாதை 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50. இன்றைய வாரிசு எக்ஸ்எல் 100. 99.7 சிசி, நாலரைக் குதிரைத்திறனுக்கும் குறைவு, கியர் கிடையாது, கிளட்ச் லீவரும் கிடையாது. டிரயல்ஸ் வண்டிக்கு உயிரே கிளட்ச்சில்தான். ஆள்காட்டி விரல் ஒன்றால் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து அங்குலம் அங்குலமாக நகர்த்துவார்கள். அந்த விரலுக்கு எக்ஸ்எல்லில் உத்தியோகமே இல்லை. எஞ்சின் சுற்று கூடினால் மையவிலக்கு விசையில் கிளட்ச் தானே பிடிக்கும், குறைந்தால் தானே விட்டுவிடும். ஏற்றத்தில் மெல்ல உருட்டினால் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் சூடேறி, கருகிய வாடை கிளம்பும். முறுக்கினால் கல் தூக்கி அடிக்கும், முறுக்காவிட்டால் கிளட்ச் போகும். மூன்றாவது வழி எடையைக் குறைப்பது. வண்டியில் குறைக்கத்தக்க எடை இரண்டுதான்: மூட்டை, ஆள். மூட்டையைக் குறைத்தால் வாடகை குறையும். எனவே ஆள் இறங்குகிறார்.

இறங்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். கல் படி போல நீட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்கு நாலடி முன்பே வலது கை முறுக்கை விடாமல், இடது பக்கமாக ஓடும் வண்டியிலிருந்தே இறங்கிவிடுவார். அப்புறம் வண்டியின் கூடவே நடை. முன்சக்கரம் கல்லில் மோதும் அதே நொடியில் இடுப்பால் மூட்டைக்கு ஒரு தள்ளு. கீழே நின்ற பையன் ஒருவன் கேட்டான்: "ஏண்ணே, உக்காந்தே ஏத்த முடியாதா?" வந்த பதில்: "மொதல்ல மூட்டை ஏறட்டும்டா தம்பி. நான் பெறகு ஏறிக்கிறேன்."

சர்வதேச விதிப்படி இவருக்கு 5. அதாவது தோல்வி, கடை வகை. இங்கேதான் சூத்திரம் உடைகிறது. டிரயல்ஸ் ஓட்டுபவர் உட்கார்வதே இல்லை, உட்கார இருக்கையும் கிடையாது. ஃபுட்ரெஸ்டில் நின்றபடி முன்னும் பின்னும் தன் உடம்பை நகர்த்தி எடையைச் சரிசெய்வார். எக்ஸ்எல்காரர் மூட்டையை நகர்த்துகிறார். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவிலுள்ள தட்டையான இடத்தில் ஒரு சாக்கைப் படுக்க வைத்தால் முன்சக்கரம் செங்குத்தில் தூக்காது. எல்லாவற்றையும் பின் கேரியரில் கட்டினால் முன்பக்கம் குதிரை மாதிரி எழும். சாக்கை எங்கே வைப்பது என்ற முடிவு ஏற்றத்தில் அல்ல, காயை உலர்த்தும் ஏலக்காய் ஸ்டோர் வாசலிலேயே எடுக்கப்படுகிறது. ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. அந்தக் காய்ந்த ஒரு கிலோ ஓடையில் நனைந்தால் பச்சை நிறம் போய் விலையும் போகும். ஆகவே இம்மலைக்கு மட்டும் திருத்தச் சூத்திரம்: சாக்கு நனையாமல் வந்தால் பூஜ்யம், ஆள் எங்கே இருந்தாலும் சரி.

அடுத்து, இரைச்சல் வகை. 1985 முதல் 1996 வரை தயாரான யமஹா ஆர்எக்ஸ் 100 இதன் தலைமை. கல்லூரி மாப்பிள்ளைகளின் சொத்து. ஏற்றத்தில் வண்டி வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும். நீண்ட இறக்கத்தில் முறுக்கை மூடியபடியே இறங்கினால், இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெயும் குறைந்து உள்ளே தேய்மானம் கூடும் என்பதை இவ்வகையினர் பிஸ்டன் மாற்றும்போது கற்றுக்கொள்வர். இவர்களைப் பற்றி இவ்வளவு போதும்.

புல்லட்டை எங்கே வைப்பது என்பதில் இந்நூலாசிரியருக்கே மனச்சங்கடம். ஜானி பிரிட்டன் என்பவர் 1952-ல் அந்த ஸ்காட்லாந்து ஆறு நாள் போட்டியை ராயல் என்ஃபீல்டு புல்லட்டில்தான் வென்றார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1955-ல், அதே புல்லட் சென்னையில் உருவாகத் தொடங்கியது. ஆக, வம்சப்படி தலை வகை. 2019-ல் அந்த நினைவாக 'டிரயல்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு புல்லட் கடைக்கு வந்தது. எடை 190 கிலோவை ஒட்டி. இன்றைய டிரயல்ஸ் வண்டிகள் பலவும் 70 கிலோவுக்குள் அடங்கிவிடும். கொட்டகுடி ஆற்றுக் கல்லில் புல்லட் சாய்ந்தால் தூக்க இரண்டு பேர் வேண்டும். வம்சம் தலை, எடை கடை. எனவே போடிமெட்டு சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் கம்பீரமாக ஓடட்டும் என்று விடைகொடுக்கிறோம்.

வார இறுதி வகை: முழங்கால் கவசம், ஹெல்மெட்டில் கேமரா, முதல் கல்லில் முதல் ஊன்றல். எண்ணிக்கை வைப்பதில்லை.

அடுத்தது காற்றியல். ஓட்டிகளுக்குள் இதில்தான் சண்டை அதிகம். டிரயல்ஸ் வண்டியின் பின்சக்கரத்தில் 4, 5 பிஎஸ்ஐ காற்றுதான் இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகும். டயர் கல்லின்மேல் படிந்து உட்கார்ந்து பிடிப்பதற்காக அந்த ஏற்பாடு. இதைக் கேள்விப்பட்டு டியூப் உள்ள சாதாரண வண்டியில் காற்றை இறக்கினால், ரிம்மின்மேல் டயர் சுழன்று, கூடவே டியூபையும் இழுத்து, வால்வை வேரோடு பிய்த்துவிடும். டிரயல்ஸ் வண்டியிலோ பின்டயருக்கு டியூப் இல்லை. முன்சக்கரத்தில் டியூப் இருந்தால் டயரை ரிம்மோடு இறுக்க ஒரு பூட்டும் பெரும்பாலும் இருக்கும். சுமை வண்டிக்காரர் நேர் மாறாகக் கல் மாதிரி காற்றடித்துக்கொண்டு போவார். பிடிப்பு குறையும், ஆனால் மூட்டையோடு கல்லில் இறங்கும்போது ரிம் கோட்டம் விழாது. இரண்டு பேரும் சரி. மற்றவர் வண்டியில் அதைச் செய்தால் இரண்டு பேரும் தப்பு.

ஏற்றத்துக்கு வண்டியைத் தயார்செய்யும் மற்ற முறைகளில் மலிவானது முன்பக்கப் பல்சக்கரத்தில் ஒரு பல் குறைப்பது. 14 பல்லுக்குப் பதில் 13 போட்டால் பின்னால் ஏறக்குறைய மூன்று பல் கூட்டியதற்குச் சமம். இழுவை கூடும், தார்ச்சாலையில் வேகம் குறையும். லீவர்களைப் பிடிக்கும் கிளாம்ப்பை இறுக முடுக்காமல், பலமாகத் தள்ளினால் திரும்பும் அளவுக்கு விட்டுவைத்தால், வண்டி விழும்போது லீவர் உடையாமல் சுழன்று தப்பிக்கும். பழைய கிளட்ச் கேபிளோடு புதியது ஒன்றையும் சேர்த்தே ஓடவிட்டு டேப் சுற்றி வைப்பவர் காட்டுக்குள் ராத்தங்க வேண்டியதில்லை. ஆற்றைக் கடந்ததும் டிரம் பிரேக் பிடிக்காது. பிரேக்கை லேசாக அழுத்தியபடியே கொஞ்ச தூரம் ஓட்டி உள்ளே இருக்கும் ஷூவைக் காயவைத்த பிறகே இறக்கத்தில் கால் வைக்க வேண்டும். எக்ஸ்எல் ஓட்டிக்கு இது இன்னும் முக்கியம், ஏனெனில் சுற்று குறைந்து கிளட்ச் விட்டுவிட்டால் எஞ்சின் அவரைப் பிடித்து நிறுத்தாது.

ஒழிபு: எந்த வகையிலும் அடங்காதது குதிரை. சாலையில்லாத போடி மலைக்கிராமங்கள் சிலவற்றுக்கு அரிசி மூட்டையும், தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரமும் அதன் முதுகில்தான் ஏறுகின்றன. நான்கு காலும் ஊன்றியே நடப்பதால் இந்நூலின் விதிப்படி அதற்கு மதிப்பெண் போட முடியவில்லை.

விலக்கு ஒன்று உண்டு. இதில் கேலி இல்லை. எஸ்டேட் பாதை வேறு, காப்புக்காடு வேறு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கே விதிகள் வந்தன. மாசி, பங்குனியில் காய்ந்து கிடக்கும் புல்லுக்குச் சூடான சைலன்சர் ஒன்று போதும். எந்த வகை வண்டியானாலும் வனத்துறை அனுமதியில்லாமல் அந்தப் புல்வெளிக்குள் போகாதீர்கள்.

எஸ்டேட் பாதையில் நீங்கள் இறங்கி வரும்போது எதிரே ஒரு எக்ஸ்எல் மூட்டையோடு ஏறி வந்தால், ஓரமாக ஒதுங்கி நின்றுவிடுங்கள். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முதல் வழி என்று மோட்டார் வாகன விதியும் சொல்கிறது. நீங்கள் நின்றால் திரும்பவும் கிளம்பிவிடலாம். அவர் நின்றால், அந்த இடத்திலிருந்து மறுபடி கிளம்பக் கிளட்ச் தாங்காது.