பலாலியில் பறந்த சீதை

கேள்வி: ராணுவம் கட்டிய ஓடுதளம் ஒருநாள் மக்களுக்கு வந்துவிடும் என்று நம்பலாமா?

பதில்: நம்பலாம், ஆனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் காத்திருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்துப் பலாலியைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்ட தளம். போர் முடிந்ததும் சமர்த்தாகப் பயணிகள் நிலையமானது. 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து கிளம்பி, இங்கே இறங்கித்தான் மதராஸ் போனது. அந்தக் கம்பெனியின் டகோட்டா விமானம் ஒன்றுக்குப் பெயர் சீதாதேவி! இராவணன் ஊர்க்காரர்களுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம். இந்தத் தடவை சீதைக்குத் திரும்பிவரவும் டிக்கெட் இருந்தது.

பிறகு உள்நாட்டுப் போர். பலாலி மறுபடி சீருடை மாட்டிக்கொண்டது. சுற்றியிருந்த கிராமங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போக, 1990-இல் வெளியேறிய குடும்பங்கள் தம் தோட்டங்களைக் கம்பிவேலிக்கு வெளியே நின்றுகூடப் பார்க்க முடியவில்லை. சில காணிகள் இன்னும் திரும்பவில்லை.

2019 அக்டோபரில் ‘யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்’ திறந்தார்கள். நவம்பரில் சென்னை விமானம் ஒழுங்காக வரத் தொடங்கியது. நாலு மாதம்தான், கொரோனா வந்து கதவைச் சாத்தியது. 2022 டிசம்பரில் மீண்டும் திறப்பு. குட்டி ஓடுதளம் என்பதால் வருவது ஏடிஆர் ரக விசிறி விமானம். படைமுகாம் இன்றும் பக்கத்து வீட்டுக்காரர்தான். ஜன்னல் வழியே படம் எடுக்குமுன் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.