எல்லாம் கூவம் பண்ற வேலை

(சென்னை அமைந்தகரை. கேட்டில் டார்ச்சும் கரண்டியும் அபேட் என்ற கொசுப்புழு மருந்து பாட்டிலுமாக மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர். உள்ளே ஓய்வுபெற்ற வீட்டுக்காரர். ஊரில் எது கெட்டாலும் மனு எழுதத் தெரிந்தவர்.)

வீட்டுக்காரர்: வாம்மா. மனு மேல மனு போட்டாச்சு. புகை வண்டி எங்கே?

பணியாளர்: புகை இருக்கட்டும் சார். தோட்டத்தைப் பாக்கணும்.

வீட்டுக்காரர்: என் தோட்டத்துல சாக்கடை உண்டா? கொசு பூரா கூவத்துலேர்ந்து வருது.

பணியாளர்: அது ராத்திரி ஷிப்டு சார். உங்களை எப்போ கடிக்குது?

வீட்டுக்காரர்: காலையில பேப்பர் படிக்கிறப்போ. அந்தக் கொசு கால்ல வெள்ளை வெள்ளையா பட்டை வேற.

பணியாளர்: ஏடிஸ். டெங்குக் கொசு. அதுக்கு நல்ல தண்ணிதான் பிடிக்கும். பொறந்த வீட்டை விட்டு ரொம்பத் தூரமும் போகாது.

வீட்டுக்காரர்: அப்போ பக்கத்து வீடுதான்!

பணியாளர்: (டார்ச் அடித்து) இந்த டயர்?

வீட்டுக்காரர்: செடி வைக்கலாம்னு வெச்சிருக்கேன்.

பணியாளர்: உள்ளே புழு நெளியுதே?

வீட்டுக்காரர்: அது மழைநீர் சேகரிப்பு. 2003-லயே கட்டாயமாக்கிட்டாங்க, தெரியுமா?

பணியாளர்: மண்ணுக்குள்ள விடச் சொன்னாங்க சார், டயருக்குள்ள இல்ல. இந்த ஆட்டுக்கல்லு?

வீட்டுக்காரர்: போன வாரம்தான் தண்ணியைக் கொட்டினேன்!

பணியாளர்: கொட்டினா போதாது. முட்டை குழி ஓரத்துல ஒட்டிக்கிட்டிருக்கும். மாசக்கணக்குல காஞ்சு கெடந்தாலும், மறுபடி தண்ணி பட்டா பொரிஞ்சிரும். வாராவாரம் தேங்கா நார் போட்டுத் தேய்க்கணும். ஃபிரிட்ஜ் பின்னாடி தட்டு, பூந்தொட்டித் தட்டு, எல்லாத்தையும்தான்.

வீட்டுக்காரர்: எனக்கே பாடமா? ரொனால்டு ராஸ் 1897-ல செகந்தராபாத்துல கொசு வயித்தை அறுத்துப் பாத்தது, 1902-ல நோபல் வாங்கினது, எல்லாம் அத்துப்படி.

பணியாளர்: அவர் பாத்தது மலேரியாக் கொசு சார். நம்ம ஊர்ல அது மொட்டை மாடி டேங்க்லயே குடியிருக்கும். டேங்குக்கு மூடி இருக்கா?

வீட்டுக்காரர்: ஏன் இல்லாம? மாடிப்படிக்குக் கீழே பத்திரமா இருக்கு.

(பணியாளர் பெருமூச்சு விடவில்லை. இதற்கெல்லாம் விட்டால் தெருமுனை போவதற்குள் மூச்சு தீர்ந்துவிடும்.)

வீட்டுக்காரர்: இதெல்லாம் எதுக்கு? ஒரு தடவை புகை அடிச்சா முடிஞ்சுது.

பணியாளர்: புகையில பறக்குறது சாவும். டயர்ல நெளியுறது சாவாது, அடுத்த வாரம் அது பறக்கும். டயரை எடுத்துட்டுப் போறோம் சார். அபராதம் உண்டு, பேரு சொல்லுங்க.

வீட்டுக்காரர்: டயர் மருமகன் கார்ல இருந்ததும்மா. ஆர்.சி. புக்கும் அவர் பேர்லதான் இருக்கு. அட்ரஸ் எழுதிக்கோ, கோயம்புத்தூர்...