கார்புரேட்டர்க் கிண்ணத்து அடுக்குகள்: ஓடாத வண்டிகளின் காலக்கணிப்பு

மாடிப்படிக்கு அடியில் பழைய போர்வை போர்த்தி நிற்கும் இருசக்கர வண்டி, தமிழ்நாட்டு வீடுகளில் பரவலாகக் கிடைக்கும் தொல்பொருள். அது கடைசியாக எப்போது ஓடியது என்பதே இக்கட்டுரையின் சிக்கல். இதுவரை உடைமையாளரின் வாய்மொழி ஒன்றே சான்றாகக் கொள்ளப்பட்டு வந்தது. "போன தீபாவளிக்குக்கூட எடுத்தேனேப்பா, நல்லாத்தானே ஓடுச்சு" என்னும் பாடம் சிறுசிறு வேறுபாடுகளுடன் எல்லாப் பட்டறைகளிலும் வழங்குகிறது. எந்தத் தீபாவளி என்ற குறிப்பு எந்தப் பாடத்திலும் இல்லை.

ஹெட்லைட்டின் நெற்றியில் உள்ள ஆயுதபூஜைப் பொட்டுகளை எண்ணிக் காலம் கணிக்கலாமே எனின், கூடாது. ஓடாத வண்டிக்கும் பூஜை தடையின்றி நடக்கிறது. வண்டிக்குச் சந்தனம் தவறுவதில்லை, பெட்ரோல்தான் தவறுகிறது. ஆனால் சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்காமலே காய்ந்து கிடந்தால், அதைத் துணைமைச் சான்றாக ஏற்கலாம்.

முதன்மைச் சான்று கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் இருக்கிறது. பாய்மம் குறுகிய வழியில் விரையும்போது அழுத்தம் குறையும் என்று டேனியல் பெர்னூலி 1738இல் நூல் எழுதினார். வண்டி வருவதற்கு இன்னும் ஒன்றரை நூற்றாண்டு இருந்ததால், கிக்கரை உதைத்து உள்ளங்கால் வீங்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. கார்புரேட்டரின் குறுகலில் காற்று விரையும்போது உண்டாகும் அந்த அழுத்தக் குறைவால்தான் கிண்ணத்துப் பெட்ரோல் ஜெட் வழியே மேலேறிக் காற்றோடு கலக்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். வண்டி நின்றுபோனால் காற்று வரும், பெட்ரோல் வராது.

வாராமைக்குக் காரணம் அடுக்குகளில் தெரியும். பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் பறந்துவிடும். கிண்ணத்தைத் திறந்ததும் பழைய வார்னிஷ் நெடி அடித்தால் அதுவே இளைய காலம். உடைமையாளர் ஓரளவு உண்மை பேசுகிறார். எஞ்சியது காற்றோடு வினைபுரிந்து மஞ்சளாகி, பழுப்பாகி, விரலில் ஒட்டும் பிசினாவது இடைக்காலம். பித்தளை ஜெட்டில் பச்சைக் களிம்பும் கிண்ணத்து அலாய் உலோகத்தில் வெண்பொடியும் பூத்திருந்தால் அது முதுகாலம். தண்ணீர் இறங்கித் தங்கிய அடையாளம் அது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் குணமுடையது; 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கிவிட்டதால் இனி முதுகாலம் முந்தியே பிறக்கும் என ஐயுற இடமுண்டு. பழைய பஜாஜ் சேத்தக், டிவிஎஸ் 50 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோல் போய், அதோடு கலந்த எண்ணெய் மட்டும் தங்குவதால் அடுக்குகள் குழம்பிக் கிடக்கும். அவற்றுக்குத் தனி அளவுகோல் வேண்டும்.

நோயறிதல் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பிளக் கொள்கையினர் எந்த வண்டி நின்றாலும் பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, திரும்ப மாட்டுவர். சாய்ப்புக் கொள்கையினர் ஸ்கூட்டரை எஞ்சின் பக்கமாகச் சாய்த்து, சற்று நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு நிமிர்த்துவர். இரண்டாவது பள்ளியை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது அவசரம். கிண்ணத்தில் பெட்ரோல் குறைவாக இருந்தால் சாய்ப்பதால் கொஞ்சம் இறங்கும். பிசினுக்கு முன்னால்தான் அந்தக் கொள்கை தோற்கிறது. சோக்கை இழுத்தால் ஓடி, உள்ளே தள்ளியதும் அணையும் வண்டிக்குப் பிளக்கும் சாய்ப்பும் உதவா. ஐடிலுக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட் அடைத்திருக்கிறது.

பைலட் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இருக்காது. அதைக் கழற்றி, வானத்துக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணால் ஒளி தெரிகிறதா என்று மெக்கானிக் பார்ப்பதே இத்துறையின் தலையாய ஆய்வுமுறை. ஒளி தெரியாவிட்டால் கிளீனர் ஸ்ப்ரேயில் ஊறவைத்துக் காற்றடிக்க வேண்டும். சிலர் கேபிளிலிருந்து ஒரு கம்பி இழையை உருவித் துளைக்குள் விடுவர். பித்தளை மென்மையானது, துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் வண்டி பெட்ரோல் குடிக்கும், மைலேஜ் போயிற்று என்று உடைமையாளர் ஆயுள் முழுக்கப் புலம்புவார். பிறகு ஏர் ஸ்க்ரூவை மெல்ல இறுதிவரை முடுக்கி, ஏறக்குறைய ஒன்றரைச் சுற்று திருப்பிவிட்டு, காதால் சரிபார்ப்பர். காதால் என்பதை இக்கட்டுரையாளர் அழுத்திச் சொல்கிறார். பட்டறை வாசலில் பஸ் போனால் அளவு மாறும்.

இம்முடிவுகள், குளிர்காலம் முழுதும் கொட்டகையில் கிடக்கும் அமெரிக்கப் பண்ணைகளின் நாலு சக்கர ஏடிவிக்கும் பொருந்தும். அங்கே பனி காரணம். இங்கே அப்படி எதுவும் சொல்லிக்கொள்ள முடியாது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபின் புதிய வண்டிகள் பெரும்பாலும் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டதால், ஆய்வுக்குரிய கிண்ணங்கள் அருகிவருகின்றன என்பதையும் இத்துறை கவனிக்க வேண்டும்.

எஞ்சியிருப்பது டேங்க். அதன் துருவைக் கழுவாமல் கார்புரேட்டரை மட்டும் கழுவினால் அடைப்பு திரும்ப வரும். டேங்கிலிருந்து பழுப்பாக வடியும் திரவத்தைப் பார்த்ததும் உடைமையாளர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றே: "அதைக் கீழே ஊத்திடாதேப்பா, வடிகட்டிப் போட்டுக்கலாம்." அதற்கு மெக்கானிக்குகளின் மறுமொழியும் ஒன்றே: "சார், இது செயின் கழுவத்தான் ஆகும். வேணும்னா பாட்டில்ல பிடிச்சுத் தரேன்." பாட்டிலை வேண்டாமென்று சொன்ன உடைமையாளர் எவரும் இதுவரை அகப்படவில்லை.