ஐந்தரைப் பவுன் செல்

பேட்டரியைப் பற்றி வாய் கிழியப் பேச காரைக்குடிக்காரனுக்குப் பிறப்புரிமை உண்டு. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. ஊர் வாயில் அது ‘சிக்ரி’. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அள்ளிக் கொடுத்துக் கொண்டுவந்தது. லித்தியம் அயனி செல் செய்யும் நுட்பத்தை ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கைமாற்ற 2018-ல் ஒப்பந்தம் போட்டதும் சிக்ரிதான். ஆனால் எங்கள் வளவுக்குள் செல் ஆராய்ச்சிக்கு நிரந்தர இயக்குநர் அப்பத்தா.

மூணு கட்டை டார்ச் காலத்திலிருந்து அவள் கைவசம் இருப்பது ஒரே வைத்தியம். கட்டைகளை முற்றத்து வெயிலில், மோர்மிளகாய்க்குப் பக்கத்தில் காயப்போடுவது. சும்மா சொல்லக்கூடாது, அதில் விஷயமும் இருந்தது. பழைய துத்தநாகக் கட்டை சூடேறினால் உள்ளே மிச்சம் மீதி இருக்கிற ரசாயனம் கொஞ்சம் முழித்துக்கொள்ளும். ராத்திரி கொல்லைக்குப் போய்வர வெளிச்சம் தேறும். லித்தியத்துக்கு இந்த வைத்தியம் ஆகாது. ஆயுசு குறையும், நேரம் சரியில்லை என்றால் வளவே வெளிச்சமாகிவிடும். 45 டிகிரிக்கு மேல் சூடான இடத்தில் சார்ஜே போடக்கூடாது. 0 டிகிரிக்குக் கீழேயும் கூடாதாம். அந்த இரண்டாவது விதியிலிருந்து சிவகங்கை மாவட்டத்துக்கு விலக்கு அளித்துவிடலாம்.

தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடக்கிற மாமா, இருட்டில் பாதை பார்க்கப் புது டார்ச் வாங்கிவந்தார். உள்ளே 18650 செல். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசிச் சுழியம் உருளை வடிவத்துக்கு. உறையில் ‘9900 மில்லி ஆம்பியர் மணி’ என்று கொட்டை எழுத்து. உலகத்துப் பெரிய கம்பெனிகள் தலைகீழாக நின்றும் இந்த அளவு செல்லில் 3500-ஐத் தாண்டத் திணறுகின்றன. 9900 என்று எழுத உறையில் இடம் இருக்கிறது, உள்ளே இல்லை.

“மாப்ளே, அவனே போட்டிருக்கான், நீ யாரு கொறைக்க?” என்றார் மாமா.

நல்ல 18650 கிட்டத்தட்ட 45 கிராம் இருக்கும், அதாவது ஐந்தரைப் பவுனுக்குச் சற்று மேலே. பவுன் என்றதும் மாமாவுக்கு விஷயம் பிடிபட்டது. பத்தரிடம் போனோம். தராசில் மூணரைப் பவுன்கூடத் தேறவில்லை. “செய்கூலி, சேதாரம் போகவா?” என்றார் பத்தர்.

மாமா அப்போதும் விடவில்லை. மல்டிமீட்டரில் 4.2 வோல்ட் காட்டுகிறதே என்றார். காட்டும். வயிறு நிறைந்திருக்கிறதா என்றுதான் வோல்ட் சொல்லும், வயிறு எவ்வளவு பெரிது என்று சொல்லாது. அதற்கு முழுசாக சார்ஜ் ஏற்றி, 500 மில்லி ஆம்பியர் வீதம் இழுத்து, 3 வோல்ட்டுக்கு இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கவேண்டும். மாமாவின் செல் இரண்டு மணி நேரம் தாங்கவில்லை. கணக்குப் போட்டால் 1000-கூட இல்லை.

சார்ஜ் ஏற்றுவதும் பந்தி பரிமாறுகிற மாதிரிதான், ஆனால் செட்டிநாட்டுப் பந்தி இல்லை. முதலில் ஒரே சீராக மின்னோட்டம் போகும். 4.2 வோல்ட் தொட்டதும் சார்ஜர் வோல்ட்டை அங்கேயே பிடித்துக்கொண்டு கையைச் சுருக்க ஆரம்பிக்கும். மின்னோட்டம் குறைந்து குறைந்து நின்றுவிடும். “இன்னும் ஒரே ஒரு கரண்டி” என்ற உபசாரம் லித்தியத்திடம் எடுபடாது. தரமான சார்ஜர் 0.05 வோல்ட்டுக்கு மேல் பிசகாது. அப்படியே பட்டினி போட்டு 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்ட செல்லை மறுபடி எழுப்பவும் கூடாது. உள்ளே செம்பு கரைந்து, திரும்ப ஏற்றும்போது கண்ட இடத்தில் படிந்து ஷார்ட் ஆகும். “ஒரு உதை கொடுத்தா எந்திரிச்சுக்கும்” என்று சொல்கிற ரிப்பேர்காரர்களை நம்பவேண்டாம்.

மாமாவுக்கு எடை சரியாக இருக்கிற செல் ஒன்று வாங்கிக் கொடுத்தாயிற்று. பழனி போய் வந்தபிறகு அடுத்த தை வரைக்கும் அதை எப்படி எடுத்துவைப்பது என்று கேட்டார். பாதி சார்ஜில், 3.7, 3.8 வோல்ட்டில், சூடு படாத இடத்தில் வையுங்கள், முழுசாக நிரப்பி வைத்தால் சீக்கிரம் கெடும் என்றேன்.

முற்றத்தில் மிளகாய் திருப்பிக்கொண்டிருந்த அப்பத்தா தலையைத் தூக்கினாள். “அரை வயித்தோட இருந்தாத்தான் நல்லாருக்கும்னா, அது நம்ம வீட்டுல எப்படிப்பா பொழைக்கும்?”