கொழும்புக்குப் போற மருமவனுக்கு மாமன் சொல்லுதது

உக்காரும் மருமவனே. டிக்கெட்டு போட்டாச்சுன்னு என் மவ சொன்னா. மதுரையில ஏறினா கொழும்பு, பெறவு நுவரெலியா, குளிருக்குப் புது ஸ்வெட்டர். நம்ம ஊர்லேருந்தே 2011ல ஸ்கோஷியா பிரின்ஸ்னு ஒரு கப்பல் விட்டாவ. ஜூன்ல தொடங்கி நவம்பர்ல நின்னு போச்சு. அது ஓடியிருந்தா உம்மை அதுலயே ஏத்தி விட்டு, நீரு வாந்தி எடுக்கதைக் கரையில நின்னு பாத்திருப்பேன். குடுத்து வைக்கல.

செலவுக்குத் துட்டு எப்படிக் கொண்டு போறீருன்னு கேட்டதுக்குப் போனைத் தூக்கிக் காட்டுனீராமே? நாங்க தோணியில போவும்போது மடியில முடிஞ்சு, அதுக்கு மேல பெல்ட்டைப் போட்டு, அப்பவும் தூக்கத்துல தடவித் தடவிப் பாத்துக்கிட்டே போனோம். நீரு வெறுங்கையை வீசிக்கிட்டுப் போவீராம். போன் வேலை செய்யாதுன்னு நான் சொல்லல. 2024 பிப்ரவரி 12ஆம் தேதி இலங்கையிலயும் மொரீசியஸ்லயும் ஒரே நாள்ல நம்ம யூபிஐயைத் தொடங்கி வச்சாவ. கியூஆர் அட்டை வச்சிருக்க கடையில போனைப் பிடிச்சா நம்ம பேங்குக் கணக்குலேருந்து போயிரும். ஆனா முன்கூட்டியே ஆப்புக்குள்ள போயி, வெளிநாட்டுக்குன்னு உள்ள வசதியைத் தொறந்து விடணும். தொறந்தீரா? முழிக்கிறதைப் பாத்தாலே தெரியுது. அங்கன நெட்டு வேணும், பேங்கு மெசேஜ் வரணும்னா நம்ம சிம்முல ரோமிங் வேணும். ஆட்டோவை அங்க த்ரீவீல்னு சொல்லுவாவ. மழை கொட்டுத நேரத்துல புறக்கோட்டையில ஒரு த்ரீவீல்காரன்கிட்டப் போயி, அண்ணாச்சி கியூஆர் இருக்கான்னு கேட்டுப் பாரும். அவன் சிங்களத்துல சொல்லுத பதிலை எனக்குத் தமிழ்ல சொல்ல வேண்டாம்.

சரி, கார்டு இருக்கு மாமாங்கீரு. அதுக்கு சார்ஜே கெடையாதுன்னு அதை வித்த பய சொன்னானாம். சார்ஜே இல்லங்கிற பேச்சைக் கேட்டுப் பழகுன ஊருவே இது. வ.உ.சி. 1906ல சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, காலியா, லாவோன்னு ரெண்டு கப்பலை வாங்கிக் கொழும்புக்கு விட்டாரு. எதிர்க்கடை வெள்ளைக்காரன் டிக்கெட்டைக் கொறைச்சான், இன்னும் கொறைச்சான், கடைசியில சும்மாவே ஏறு, கூட ஒரு குடையும் தாரேன்னான்னு இங்கன கதை சொல்லுவாவ. குடைக்கு ஆசைப்பட்டு ஏறினவன் பேரனெல்லாம் இன்னைக்கு வ.உ.சி. சிலைக்கு மாலை போடுதான். நீரும் அந்தப் பயகிட்ட குடை வாங்கிட்டீரோன்னுதான் எனக்குச் சந்தேகம்.

கார்டோட வந்த பொடி எழுத்துக் காயிதத்தைக் கண்ணாடி போட்டுப் படியும். பல கிரெடிட் கார்டுல, வெளிநாட்டுல தேய்க்கிற தொகைக்கு 3.5 சதவீதம் எடுப்பான், அந்த எடுப்புக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. 10,000 ரூபாய்க்குச் சேலை எடுத்துக் குடுத்தீருன்னா (குடுக்க மாட்டீரு, ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன்) 350 ரூபாய், அதுக்கு வரி 63, ஆக 413. கடையில இதை ஒருத்தனும் சொல்ல மாட்டான். ஊருக்கு வந்து ஸ்வெட்டரைப் பீரோவுல மடிச்சு வச்ச பெறவு பில்லுல வந்து பல்லைக் காட்டும்.

இனிமேதான் வெவகாரமே இருக்கு. கார்டைச் சொருவினதும் கடைக்காரன் மெஷினை உம்ம பக்கம் திருப்புவான். இந்திய ரூபாயில கட்டுதீரா, இலங்கை ரூபாயில கட்டுதீரான்னு திரையில ரெண்டு கட்டம் நிக்கும். நம்ம ரூபாயைப் பாத்ததும் உமக்குத் தேசபக்தி பொங்கும். அமுக்கிராதேயும்! அதை அமுக்கினா, மாத்து விலை போடுதவன் அந்த மெஷினுக்குப் பின்னால இருக்கவன். அவன் தன் லாபத்தைச் சேத்துத்தான் விலை சொல்லுவான். அதுக்கு மேல நம்ம பேங்குக்காரன் தன் பங்கையும் எடுக்கது உண்டு. அந்தந்த ஊர்ல அந்தந்த ஊர்க் காசு. நாளைக்கு சிங்கப்பூர் போனா டாலரை அமுக்கும், துபாய் போனா திர்ஹம். ஏடிஎம்லயும் இதே கேள்வியைக் கேப்பான். கிரெடிட் கார்டை ஏடிஎம்ல விட்டு நோட்டு எடுக்க மட்டும் நெனைக்காதேயும். நோட்டு தலையை நீட்டுத அன்னைக்கே வட்டியும் தலையை நீட்டிரும்.

வெட்டு விழாம துட்டு எந்தக் காலத்துலவே கடல் தாண்டிச்சு? நம்ம கரையாளுங்க மன்னார்ப் பக்கம் மறிச்சுக்கட்டிக்குப் போயி முத்துக்குளிச்ச காலத்துல கூலின்னு நோட்டு கெடையாது. 1905ல அங்கன எடுத்த சிப்பி 8 கோடிக்கு மேல. படகு கரை சேந்ததும் சிப்பியை மூணு குவியலாப் பிரிக்கணும். ரெண்டு சர்க்காருக்கு, ஒண்ணு குளிச்சவனுக்கும் படகுக்கும். பிரிக்கிறது நம்ம ஆளு, எது யாருக்குன்னு கையை நீட்டுதது அதிகாரி. அதனால நம்ம ஆளு ஒரு குவியல்ல சிப்பி கூடிரக் கூடாதேன்னு உசிரைக் குடுத்துச் சமமாப் பிரிப்பான். மூணுல ரெண்டு போறது பகல் கொள்ளைதான், யாரு இல்லன்னா? ஆனா கண்ணு முன்னால, மணல்ல, குவியலாக் கெடந்து போவும். மிச்சம் உள்ளதை அங்கனயே வித்துத் துட்டாக்கிருவான். உம்ம 413 எந்த எடத்துல கழண்டு விழுந்துதுன்னே உமக்குத் தெரியலையே, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

அப்போ முழுக்க நோட்டாவே கொண்டு போறேன்னு குதிக்காதேயும். இந்திய நோட்டு 25,000 ரூபாய் வரைக்கும்தான் இலங்கைக்கு எடுத்துட்டுப் போவலாம். டாலர் நோட்டுன்னா ஒரு பயணத்துக்கு 3,000. அதை லைசென்ஸ் உள்ள எடத்துல பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கும். 50,000 ரூபாய்க்கு மேல போனா ரொக்கமா வாங்க மாட்டான், பேங்கு வழியாத்தான் கட்டணும். தெருமுனையில நின்னு நல்ல ரேட்டு அண்ணேன்னு காதுல ஊதுத ஆளு என் கூட்டாளியா இருந்தாலும் போவாதேயும். என் கூட்டாளியா இருந்தா கண்டிப்பாப் போவாதேயும்.

வாங்கின நோட்டை ஒண்ணொண்ணா வெளிச்சத்துல விரிச்சுப் பாரும். புதுக்கோட்டைச் சீமையில 1898ல ரோமாபுரித் தங்கக் காசு 500க்கு மேல கெடைச்சுது. பெரும்பாலானதுல ராசா தலையில உளி வெட்டு. இனி இது காசு இல்ல, எடை போட்டு வாங்குத தங்கம்னு காட்டத்தான் வெட்டியிருப்பாவன்னு படிச்சவங்க சிலர் சொல்லுதாவ. ராசா தலையே பொளந்தாலும் அன்னைக்குத் தங்கம் தங்கந்தான். இன்னைக்கு 100 டாலர் நோட்டுல பெஞ்சமின் பிராங்க்ளின் நெத்தியில கொஞ்சம் பேனா மை பட்டிருந்தாப் போதும், கட்டுநாயக்க ஏர்போட்டுல நோட்டு மாத்துதவன் முகத்தைச் சுளிப்பான். கிறுக்கல், கிழிசல், பழைய அச்சு எல்லாத்தையும் இங்கனயே மாத்திக் கேளும். கேக்க வெக்கமா இருந்தா என் மவளை அனுப்பும்.

அங்க போயி மாத்தினா நம்ம ஒரு ரூபாய்க்கு அவங்க மூணு ரூபாய்க்கு மேல வரும். கத்தை கத்தையா கையில நிறைஞ்சதும் ராசா ஆயிட்டோம்னு நெஞ்சு நிமிரும். ஒரு ஓட்டல்ல சோறு தின்னுட்டு பில்லைப் பாரும், மறுபடி மருமவன் ஆயிருவீரு.

பாரெக்ஸ் கார்டுன்னு ஒண்ணு இருக்கு. டாலரை ஏத்தி வச்சுக்கிட்டா ஏத்தின அன்னைக்கு உள்ள விலை நிக்கும். அமெரிக்கா போறவனுக்கு அருமை. இலங்கை ரூபாயை அதுல பெரும்பாலும் ஏத்த மாட்டான். டாலரை ஏத்தி அங்கன ரூபாயா எடுத்தா நடுவுல இன்னொரு மாத்து, இன்னொரு வெட்டு. உம்ம பயணத்துக்கு அது இல்லாட்டியும் குத்தமில்ல.

லாட்ஜுக்குக் கார்டைத் தேயும், கடைக்குப் போனைக் காட்டும், த்ரீவீலுக்கும் டீக்கும் கோயிலுக்கும் நோட்டை வச்சுக்கிடும். ரெண்டாவது கார்டை ரூம்லயே பெட்டிக்குள்ள பூட்டி வையும். எல்லாத்தையும் ஒரே பர்ஸ்ல திணிச்சு, அந்தப் பர்ஸைப் பின் பாக்கெட்டுல திணிச்சு, அதுக்கு மேல பஸ்ல உக்காந்து தூங்காதேயும். ரொக்கத்துல பாதியை என் மவ கையில குடும். அப்பன்ங்கதுக்காகச் சொல்லல. நீரு என்ன விலைன்னு கேக்கதுக்குள்ள அவ விலையைப் பாதியாக்கி வச்சிருப்பா.

மிச்சம் வந்த டாலர் நோட்டை 180 நாளைக்குள்ள திருப்பி மாத்தணும். 2,000 டாலர் வரைக்கும் கையில வச்சுக்கிடலாம். உமக்கு அந்தக் கவலை வராது, கூடப் போறது என் மவ. இலங்கைச் சில்லறையை இங்கன ஒருத்தனும் தொட மாட்டான். ஊருக்குத் திரும்புத அன்னைக்குக் காலையில கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போயி காணிக்கைப் பெட்டியில போட்டுரும். என் பேரைச் சொல்லிப் போடும். சில்லறை போட வெக்கமா இருந்தா நோட்டாவே போடும், அதையும் என் பேருலயே போடும்.